ஈசா பாயின் காதில் ஒரு கொலை

அலமாரியின் கதவு மெல்லத் திறந்தது. தொங்கிக்கொண்டிருந்த கோட்டுகளுக்கு நடுவே ஒரு கை. அந்தக் கையில் மோதிரம் இல்லை!

"யா அல்லா!" என்றார் ஈசா.

அவர் வீசிய ரொட்டி மாவு அந்த நேரத்தில் அந்தரத்தில் இருந்தது. வழக்கமாக ஒரு சுற்று சுழன்றுவிட்டு அவர் கைக்கே திரும்பி வரும். அன்று பிடிக்க ஆளில்லாததால் தன் இஷ்டத்துக்குப் பறந்து, முதல் மேசையில் தே தாரிக் ஊதிக் குடித்துக்கொண்டிருந்த எர்னஸ்டின் வழுக்கைத் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது.

எர்னஸ்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். லூனாஸ் ஊரில் காலை நேரத்து ஹாரன் சத்தத்தில் பாதி அவருடையது. இந்தக் கடையில் பல வருஷமாகப் பசியாறுகிறவர் என்பதால் அதிர்ச்சி அடையவில்லை. மாவை மெல்ல உரித்தெடுத்து மேசையில் வைத்தார்.

"கொலையா பாய்?"

"ரெண்டாவது கொலை!" ஈசாவின் கண்கள் மின்னின. "மோதிரக்காரன் செத்துட்டான்னு நெனச்சோம்ல? செத்தது அவன் இல்லையாம்லா!"

"அப்ப யாரு?"

"அதத்தான் சொல்ல வந்தான்..."

"என்னங்க!"

கல்லாவில் உட்கார்ந்திருந்த கரீமாவின் குரல் அது. ஈசாவின் மனைவி. கடைக்குப் பெயர் ஈசாவுடையது, குரல் கரீமாவுடையது. அவள் முன்னால் கையுறைத் தொழிற்சாலை சூப்பர்வைசர் தேவகி ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"தேவகி கேட்டது ரொட்டி தெலூர். முட்டை எங்க?"

ஈசா கல்லைப் பார்த்தார். ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் நாலு முட்டை, நாலும் முழுசாக இருந்தன.

"பரவால்ல கரீமாக்கா," என்றாள் தேவகி. "நேத்து எனக்கு மூணு முட்டை போட்டு ஒரு ரொட்டி குடுத்தாரு. அது முதல் கொலை போல."

கடையே சிரித்தது, கரீமா சிரிக்கவில்லை. எழுந்து வந்து, ஈசாவின் இடது காதில் கதை சொல்லிக்கொண்டிருந்த வயரில்லாத இயர்போனைப் பல் பிடுங்குவது போலப் பிடுங்கினாள்.

"சனிக்கிழமை எங்க அண்ணன் மக ஹனிசுக்கு நிக்காஹ். கோத்தா கோலா மூடாவுல அண்ணன் வீட்டு வாசல்லயே கல்லு போட்டு, வர்றவங்களுக்கெல்லாம் சுடச்சுட ரொட்டி நீங்கதான் போடப் போறீங்க. வேற கடைக்காரனக் கூப்பிடுறேன்னு அண்ணன் சொன்னாரு. ஏன் தெரியுமா?"

ஈசாவுக்குத் தெரியும். போன தடவை மச்சான் மைதீன் புது வீடு குடிபோனபோதும் அவர்தான் கல்லில் நின்றார். காதில் ஒரு கப்பல் கதையின் கடைசி அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலில் குண்டு வைத்தவன் யார் என்று தெரிந்தபோது கல்லில் இருந்த ரொட்டிகள் அனைத்தும் கரியாகியிருந்தன. மைதீன் மீன் மொத்த வியாபாரி. "மாப்புள, என் படகுக்கு அடியில தாருக்குப் பதிலா இதப் பூசினா நல்லா ஒட்டும்போல," என்று ஊர் முன்னால் சொன்னார். அன்று முழுக்கக் கரீமா தலை நிமிரவில்லை.

"என் வீட்டுக்காரருதான் போடுவாருன்னு நான் சண்டை போட்டு வாங்கிருக்கேன். அங்க ஒரு ரொட்டி கோணலாப் போச்சு..." இயர்போனை அவர் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "இத மூடா ஆத்துல வீசிருவேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல கதைங்கிற பேச்சே இருக்கக்கூடாது."

சிகரெட் இல்லை, பந்தாட்டம் பார்ப்பது இல்லை, நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நிற்கும் மனுஷனுக்கு இருக்கும் ஒரே சுகம் காதில் ஓடும் அந்தக் கதைதான்.

"அப்ப சனிக்கிழமை காதுல எதுவும் மாட்டாமயே போடுறேன்," என்றார் வீரமாக.

உடனே போட்டும் காட்டினார். முதல் ரொட்டி பெர்லிஸ் மாநிலத்தின் வரைபடம் போல வந்தது. இரண்டாவது ரொட்டி எந்த நாடு என்றே தெரியவில்லை. கைக்கு ஒரு தாளம் வேண்டியிருந்தது. காதில் யாராவது பேசினால்தான் அந்தக் கை ஓடும் என்று பழகிப்போயிருந்தது.

கரீமா ரொட்டியைப் பார்த்தாள். இயர்போனைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டு அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னமோ கேட்டுத் தொலைங்க. ரொட்டி வட்டமா வரணும்."

*

அன்றிலிருந்து ஈசா பாயின் கடையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. எந்தக் கதைக்கு எந்த ரொட்டி?

கொலைக்கதையை முதலில் ஒதுக்கி வைத்தார். அதை வாசித்தவர் மேல் ஈசாவுக்கு அவ்வளவு மரியாதை. பாத்திரத்துக்குப் பாத்திரம் குரல் மாற்றிக் கூத்தடிக்காத ஆள். யாராவது பொய் சொல்லப் போனால் மட்டும், அதற்கு முன்னால் அரை மூச்சு நிறுத்துவார். "அந்த அரை மூச்சுக்கு மட்டும் அஞ்சு நட்சத்திரம் குடுக்கலாம்," என்பார் ஈசா. ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி. கொன்றது பல் டாக்டரா, மனைவியா, காவல்காரனா, தம்பியா? நிக்காஹ் முடியட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நிறுத்தினார்.

முதலில் சரித்திர நாவல். வாசித்தவருக்குக் கோயில் திருவிழாவில் காணாமல்போன பிள்ளைகளை அறிவிக்கும் குரல். ராஜா மந்திரியிடம் ரகசியம் பேசினால்கூடப் பக்கத்து நாட்டுக்குக் கேட்கும். போதாததற்கு, குதிரை வரும் இடத்திலெல்லாம் நாக்கைத் தட்டி டொக்கு டொக்கு என்று அவரே ஓடினார். ஈசாவின் கையும் கூடவே ஓடியது. படை கிளம்பிய அத்தியாயத்தில் மாவு கந்தல் கந்தலாகக் கிழிந்தது.

"குதிரைய நிறுத்துங்க பாய்," என்றார் எர்னஸ்ட், தட்டிலிருந்த துண்டுகளைக் குழம்பில் தேடிப் பிடித்தபடி. "எத்தன நட்சத்திரம்?"

"ஒன்னு. அதுவும் குதிரைக்கு."

அடுத்தது காதல் கதை. நாயகனுக்கு ஒருவர், நாயகிக்கு ஒருவர் என்று இரண்டு பேர் வாசித்தார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்று ஈசா அடித்துச் சொன்னார். "அவன் கட்டில் மேல உக்காந்து கூப்புடுறான். அவ கெணத்துக்குள்ள இருந்து பதில் சொல்றா. ரெண்டு பேரும் ஒரே சோபாவுலயாம்!" அவர்கள் கண்ணோடு கண் பார்க்கும் போதெல்லாம் புல்லாங்குழல் வேறு. குழல் முடியட்டும் என்று காத்திருந்ததில் ரொட்டிகள் வேகாமல், எழுந்திருக்க மனமில்லாமல், கல்லிலேயே படுத்துக் கிடந்தன.

பேய்க்கதைக்காரர் காதுக்குள் வந்து கிசுகிசுத்தார். என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லையே என ஈசா சத்தத்தைக் கூட்டினார். அந்த நேரம் பார்த்து பேய் அலறியது. ஒரு தட்டு முட்டை போயிற்று.

நம் ஊர்த் தோட்டத்துக் கதை என்று ஆசையாக ஒன்றைத் திறந்தார். வாசித்தவர் கடல் தாண்டி இருப்பவர். ரப்பர் பால்மரத்தை வெட்டும் காட்சியை, மரத்தையே வேரோடு சாய்ப்பது போல ஆவேசமாக வாசித்தார். "சீவுறத வெட்டுறதுன்னு சொல்லுவோம், அதுக்காக கோடாலி எடுத்துட்டு வந்துட்டியேடா!" என்று ஈசா வாய்விட்டுத் திட்டினார். கல்லுக்கு முன்னால் நின்ற வாடிக்கையாளர் தன்னைத்தான் என்று நினைத்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

மனுஷக் குரலே வேண்டாம் என்று இயந்திரம் வாசித்த ஒரு கதையையும் கேட்டார். தாய் மகனைப் பிரியும் கட்டம். "ஐயோ. மகனே. என்னை. விட்டுப். போகாதே," என்றது, அடுத்த ரயில் வரும் தண்டவாளத்தை அறிவிப்பது போல. ரொட்டிகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில் வந்தன. கடித்தால் ஒரே மாதிரி பல் வலித்தது.

"இது பல் டாக்டர் கதையா?" என்றாள் தேவகி, தாடையைப் பிடித்துக்கொண்டு.

வியாழக்கிழமைதான் அந்தக் குடும்ப நாவல் அகப்பட்டது. ஒரு பெரிய வீடு, பாகம் பிரிக்க மறுக்கும் மாமனார், மூன்று மருமகள்கள். வாசித்த அம்மாளின் குரல் சரியாக மூடாத குழாய் மாதிரி சொட்டிக்கொண்டே இருந்தது. கோபம் வந்தாலும் அதே சொட்டு, அழுதாலும் அதே சொட்டு. முதல் மருமகள் பித்தளை அண்டா கேட்டாள். சின்ன மருமகள் அதைக் கொடுக்க மாட்டேன் என்றாள். நடு மருமகள் எதிலும் தலையிடாமல் எலுமிச்சை ஊறுகாய் போட்டாள். ஏழு அத்தியாயம் தாண்டியும் அண்டா இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஈசாவுக்குக் கொட்டாவி வந்தது. ஆனால் ரொட்டி? காம்பஸ் வைத்து வரைந்தது போல! ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு, தட்டினால் ஏடு ஏடாகப் பிரிந்தது.

"பாய்! நிலா மாதிரி இருக்கு!" என்றாள் தேவகி.

எர்னஸ்ட் ஒரு துண்டை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். "கதை நல்லா இருந்தா ரொட்டி கெட்டுருது. கதை அறுவையா இருந்தா ரொட்டி நல்லா வருது. சரிதானே பாய்?"

"ரொட்டிக்கு அஞ்சு நட்சத்திரம். கதைக்கு அரை," என்றார் ஈசா சோகமாக. "அந்த அரையும் ஊறுகாய் போடுறவளுக்கு. பாவம், நல்ல பொண்ணு."

*

சனிக்கிழமை காலை எர்னஸ்டின் பள்ளிக்கூட பஸ்ஸில் கல்லும் அடுப்பும் மாவும் கோத்தா கோலா மூடா போய்ச் சேர்ந்தன. மைதீன் வீட்டு வாசலில் பந்தல். ஆற்றுப் பக்கமிருந்து மீன் வாடை, சமையல் பக்கமிருந்து நெய் வாடை. கரீமாவின் சொந்தங்கள் எல்லாரும் கல்லைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ரொட்டி தின்ன வந்த மாதிரி தெரியவில்லை, கருகுவதைப் பார்க்க வந்த மாதிரிதான் தெரிந்தது.

கரீமா வந்தாள். புதுச் சேலை சரசரத்தது. ஈசாவின் காதிலிருந்து இயர்போனை எடுத்துத் தன் காதில் வைத்துச் சோதித்தாள். "...அண்டாவைத் துலக்கிக் கவிழ்த்தாள்..." என்று சொட்டியது குரல்.

"இதத்தான் கேக்குறீங்களா? நல்லது. இதையே கேளுங்க," என்று திருப்பி மாட்டிவிட்டுப் போனாள்.

ஈசா ஆரம்பித்தார். மாவு பறந்தது, விரிந்தது, மடிந்தது, கல்லில் உட்கார்ந்தது. வட்டம். அடுத்தது வட்டம். சொந்தங்களின் முகத்தில் ஏமாற்றம். மைதீன் கிட்டே வந்து ஒரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார்.

"பரவால்லயே மாப்புள. இன்னிக்கு ஆளு மாதிரி போடுறீங்க."

தூரத்தில் நின்ற கரீமாவின் கழுத்து ஒரு சாண் உயர்ந்தது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாலம் தாண்டிட்டாங்களாம்!" என்று யாரோ கத்தினார்கள். "இன்னும் கொஞ்ச நேரந்தான், ஜமாய்ச்சுரலாம்," என்று ஈசா உருண்டைகளை வரிசையாக அடுக்கினார். ஒன்றை எடுத்துத் தட்டினார். வீசினார்.

அப்போது, காதுக்குள், அதே சொட்டுக் குரல், அண்டாவைப் பற்றிச் சொன்ன அதே குரல், சொன்னது:

"மாமனாருக்கென்று எடுத்து வைத்திருந்த பாயசக் கிண்ணத்தில் ஒரு கை எதையோ கலந்தது. இருட்டில் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. விடிந்தபோது மாமனார் எழுந்திருக்கவில்லை."

மாவு ஈசாவின் முழங்கையில் வந்து விழுந்து தொங்கியது.

கொலை! இத்தனை அத்தியாயம் அண்டா துலக்கிவிட்டு, ஒரு சத்தம் இல்லாமல், ஒரு வயலின் இல்லாமல், கொலை! அரை நட்சத்திரமா கொடுத்தேன் இந்த அம்மாளுக்கு? யார் கை அது? அண்டா கேட்டவளா, மறுத்தவளா? மூன்று பேரும்தானே வளையல் போட்டிருக்கிறார்கள்!

"ரொட்டி!" என்றார் ஒரு சொந்தக்காரர். "ரொட்டி புகையுது!"

கரீமா பறந்து வந்தாள். "என்னங்க! கதைய மாத்திட்டீங்களா? அந்தக் கொலைகாரப் பயலப் போட்டுட்டீங்களா?"

"இல்ல கரீமா, சத்தியமா அதே கதைதான்! பாயசத்துல..."

"பொய் சொல்லாதீங்க!" இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் செருகினாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட முகத்தோடு கேட்டாள். அந்த முகம் மெல்ல மாறியது. புருவம் சுருங்கியது. ஒரு கை தானாக எழுந்து காதைப் பொத்தியது. இன்னொரு கை பின்னால் துழாவி ஒரு நாற்காலியைத் தேடியது.

"கரீமா?"

"உஷ்ஷ்."

"அத குடு கரீமா. கை ஓட மாட்டேங்குது."

"இருங்க! போலீஸ் வந்து கிண்ணத்த மோந்து பாக்குறான்!"

ஈசா கல்லைப் பார்த்தார். காதில் தாளம் இல்லை. நெஞ்சிலோ பெரும் பாரம். வீசிய ரொட்டி பெர்லிஸ் போல வந்தது. அடுத்தது நீளமாக, யாரோ மிதித்த செருப்பு போல. சொந்தங்கள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மைதீனின் முகம் சிவந்தது. "என்ன மாப்புள இது? சதுரமா ஒன்னு வருது, சப்பாத்து மாதிரி ஒன்னு வருது! கரீமா, நீ என்ன உக்காந்துகிட்டு?"

"அண்ணே, கொஞ்ச நேரம்! நடு மருமக இப்பத்தான் வாயத் தொறக்குறா!"

"யாரு மருமக? இங்க எனக்கு மருமகனே இன்னும் வரல!"

பந்தலுக்கு வெளியே கார்க் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. மாப்பிள்ளை வீட்டார்! எர்னஸ்ட் ஓடி வந்து ஈசாவின் காதில் கத்தினார். "பாய், வாசல்ல இறங்கிட்டாங்க! எதையாவது நெனச்சு போடுங்க!"

"எதை நெனைக்கிறது? மூணு பேரு வளையலும் காதுல கேக்குது எர்னஸ்ட்! யாருன்னு தெரியாம என் கை ஓடாது!"

அந்த அலறல் கரீமாவை எழுப்பியது. தலை நிமிர்ந்து பார்த்தாள். தட்டில் ஒரு செருப்பு, ஒரு பெர்லிஸ். அண்ணனின் சிவந்த முகம். பந்தல் வாசலில் சந்தனம் பூசிய கூட்டம். அதற்குப் பின்னால், மூடா ஆறு.

இயர்போனைக் கழற்றி ஆற்றில் எறிவாள் என்று ஈசா கண்ணை மூடிக்கொண்டார்.

கரீமா அவர் காதருகே குனிந்தாள்.

"நடு மருமக."

ஈசா கண்ணைத் திறந்தார்.

"ஊறுகாய் போட்டவளா?"

"அவதான். ஊறுகாய்ப் பானைக்கு அடியிலதான் மருந்து வெச்சிருந்தா. ஒத்துக்கிட்டா. போதுமா? போடுங்க ரொட்டிய!"

கதை கேட்கும் ஒருவருக்கு இதைவிடக் கொடுமை உண்டா? முன்னுரை இல்லை, தடயம் இல்லை, அரை மூச்சு இல்லை. நல்ல பொண்ணு என்று நம்பியவளைக் கரீமா கறிவேப்பிலை மாதிரி தூக்கி முன்னால் போட்டுவிட்டாள். ஈசாவின் கண் கலங்கியது.

ஆனால் கை? மாவை எடுத்தது. தட்டியது. வீசியது. நிலா!

இனிமேல் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று ஆனதும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கி, கை தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. நிலா மேல் நிலாவாகத் தட்டுகள் போயின. மாப்பிள்ளையின் பெரியப்பா மூன்றாவது தடவை கை கழுவிவிட்டு நான்காவது தடவை உட்கார்ந்தார். "எங்க ஊருக்கும் வாங்க பாய்," என்றார். மைதீன் ஈசாவின் தோளைத் தட்டினார். அதற்குள் தங்கையிடம் பாதிக் கதையைப் பிடுங்கியிருந்தவர், அவளிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஆமா, மாமனாரு ஏன் பாகம் பிரிக்க மாட்டேன்னாரு?"

*

திங்கட்கிழமையிலிருந்து கடையில் புதுச் சட்டம். இயர்போன் முதலில் கல்லாவுக்குப் போகும். கரீமா முழுக்கதையும் கேட்பாள். கொன்றவன் பெயரை ஈசாவிடம் சொல்வாள். அதற்குப் பிறகுதான் ஈசாவுக்கு. ரொட்டி வட்டமாக வந்தது. ஆனால் பாலில்லாத தே ஓ கேட்டவருக்கு இப்போது கரீமா மீ கோரெங் நூடுல்ஸ் அனுப்பினாள்.

"கரீமாக்கா வாசிப்புக்கு எத்தன நட்சத்திரம் பாய்?" என்று கண்ணடித்தார் எர்னஸ்ட்.

ஈசா கல்லாப் பக்கம் பார்த்தார். கல்லாவும் அவரைப் பார்த்தது.

"அஞ்சு," என்றார்.

அந்த வாரக் கடைசியில் பல் டாக்டர் கதையின் கடைசி அத்தியாயம் கல்லாவில் ஓடியது. கரீமா கேட்டு முடித்தாள். இயர்போனைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். ஈசா கழுத்தை நீட்டி நின்றார், தூக்குக்கு நிற்பவர் போல.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாவுச் சட்டியைப் பார்த்தாள்.

"மாவு முடிஞ்சுருச்சு. ஒரே ஒரு உருண்டைதான், அது நமக்கு. போங்க, உக்காந்து நீங்களே கேளுங்க. நான் சொல்லல."

ஈசா கையைக் கழுவி, முதல் மேசையில் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்தார். எர்னஸ்ட் எழுந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார். தேவகி ஒரு தே தாரிக்கை அவர் முன்னால் வைத்தாள். ஈசா இயர்போனை எடுத்தார். காதுக்குக் கொண்டுபோனார்.

சமையல்கட்டிலிருந்து கரீமாவின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள். கடைக்கே கேட்கும் குரல்.

"அண்ணே! கேட்டு முடிச்சிட்டேன்! நீங்க சொன்னதுதான் சரி. அந்தப் பல் டாக்டரேதான்!"

எர்னஸ்ட் மெல்லத் தன் தலையைக் கையால் மூடிக்கொண்டார்.

ஈசா இயர்போனை மேசையில் வைத்தார். எழுந்தார். கல்லுக்குப் போய், பாக்கியிருந்த அந்த ஒரு உருண்டையை எடுத்துத் தட்டி, வீசினார்.

அவ்வளவு வட்டமான ரொட்டியை லூனாஸ் அதுவரை பார்த்ததில்லை.